அடைப்புக்குறிக்குள் என் தம்பி

1

போன திங்கட்கிழமை நூலகத்தின் கீழ்த்தளத்தில் இருந்த தேடுகணினியை இரண்டு பேர் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். கணினி, குறுந்தட்டுகள், கறகறவென்று சத்தம் போடுகிற அச்சு இயந்திரம், எல்லாம் ஒரே தள்ளுவண்டியில் போயிற்று. இனி எல்லாம் இன்டர்நெட்டில் என்றார்கள். நான் அந்த இடத்தைக் கூட்டினேன். மேசை நின்ற இடத்தில் தரை வேறு நிறமாக இருந்தது. துடைத்துப் பார்த்தேன். போகவில்லை.

நான் பினாங்கில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் கூட்டித் துடைக்கிறேன். ஊர் யாழ்ப்பாணம். எழுபதுகளில் கலியாணம் முடித்து இங்கே வந்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. எழுதிப் பழக்கம் இல்லை. இந்தப் பத்திரிகை ஊர் ஆட்கள் கையிலும் போய்ச் சேர்கிறது என்று சொன்னார்கள். அதனால் எழுதுகிறேன்.

உலகத்தில் யார் என்ன ஆராய்ச்சி செய்தார்கள், அதை எங்கே அச்சிட்டார்கள் என்ற விபரம் எல்லாம் அந்தத் தட்டுகளில் இருந்தது. ஒரு பெயரைத் தட்டினால் அவர் எழுதிய கட்டுரைகள் வரும். ஒரு பொருளைத் தட்டினால் அதைப் பற்றி எழுதியவர்கள் வருவார்கள். பிள்ளைகள் பட்டம் வாங்குவதற்காக அதில் தேடினார்கள். நான் என் தம்பியைத் தேடினேன். அவன் உயிரோடு இருக்கிறானா என்று.

2

தம்பி பெயர் சிவபாலன். எங்கள் வீட்டில் படித்தவன் அவன் ஒருவன்தான். விவசாயம் படித்துவிட்டு வன்னிப் பக்கம் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குப் போனான். சின்ன வெங்காயத்தை அழுகாமல் எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்று பார்ப்பது அவன் வேலை.

முதல் தடவை இதைச் சொன்னபோது என் புருஷன் சிரித்தார். "வெங்காயத்துக்கு ஒரு ஆபீசரா?" என்றார். அவர் இங்கேயே பிறந்தவர். மாக் மண்டின் என்ற இடத்தில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தார்.

தம்பிக்கு இது சின்னதிலேயே பிடித்தது. அம்மா வெங்காயத்தை இலைத்தாளோடு பிடி பிடியாகக் கட்டி அடுப்புக்கு மேலே தொங்கவிடுவா. கட்டுவது கிழிந்த சேலைத் துணியால். நார்க்கயிறு வெட்டும், வெட்டின இடத்தில்தான் முதலில் அழுகும் என்பா. தம்பி பாதிப் பிடிகளை எடுத்து முன் அறையில் தொங்கவிட்டான். எது முதலில் அழுகிறது என்று பார்க்க.

"வாற ஆக்களின்ரை தலையில எல்லாம் வெங்காயம் முட்டுது. கழட்டடா."

"பொறுங்கோ அம்மா. ஆடி முடியட்டும்."

ஆடி முடிவதற்குள் முன் அறை நாறத் தொடங்கிவிட்டது. அடுப்புக்கு மேலே தொங்கியவை அப்படியே இருந்தன. அம்மா குப்பைக் கூடையை நீட்டினா. தம்பி அழுகினதைக் கழற்றிப் போட்டான்.

கம்பசுக்குப் போன பிறகு அவன் கதை மாறியது. "அது விஞ்ஞானம் இல்லையக்கா. வெறும் புகை" என்றான். அவனுடைய நிலையத்தில் காற்றோட்ட அறை இருந்தது. தராசு இருந்தது. அடுப்பு இல்லை.

மாதம் ஒரு கடிதம் போடுவான். மழை, வெங்காய விலை, அப்பாவின் இருமல். பிறகு அப்பா போனது. அம்மா போனது. அதன் பிறகு போர் எங்கள் பக்கம் இறுகியது. பாதை மூடினார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கடிதம் நின்றது. ஊரில் விசாரிக்க ஆள் இல்லை. சனம் எல்லாம் இடம்பெயர்ந்து போய்விட்டது.

அதே நேரத்தில் நாங்களும் வீடு மாறினோம். சூலியா தெருவுக்குப் பக்கத்தில் ஒரு கடைக்கு மேலே குடியிருந்தோம். வீட்டுக்காரர் திருப்பிக் கேட்டார். கடலுக்கு அந்தப் பக்கம், மாக் மண்டினுக்குக் கிட்டே, ஒரு அடுக்குமாடி வீட்டுக்குப் போனோம். புது முகவரியை எழுதித் தம்பிக்கு அனுப்பினேன். அது போய்ச் சேர்ந்ததா என்று எனக்குத் தெரியாது. அவன் எழுதியது பழைய வீட்டுக்கு வந்ததா என்றும் தெரியாது.

பழைய வீட்டுக்குக் கீழே காசு மாற்றுகிற பாய் இருந்தார். வேலை முடிந்து படகுத்துறைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்ப்பேன்.

"வந்தா வச்சிருக்க மாட்டேனா, தங்கச்சி? உன் மூஞ்சியப் பார்த்தாலே எனக்குக் கடுதாசிக்காரன் ஞாபகம்தான் வருது."

"பாக்கலாமெண்டு வந்தனான்."

"பாரு, பாரு. டீ குடிச்சுட்டுப் போ."

அவர் தேநீர் வாங்கித் தருவார். கடிதம் இருக்காது. பிறகு அந்தக் கடையும் பூட்டப்பட்டது.

3

நூலகத்தில் வேலை கிடைத்தபோது அந்தக் கணினி புதிதாக வந்திருந்தது. முன்னால் எப்போதும் வரிசை. ஆளுக்கு அரை மணி நேரம். அது என்ன என்று ஒரு மாணவனிடம் கேட்டேன். சொன்னான். அன்று முழுக்க எனக்கு அதே நினைப்பு. தம்பி கட்டுரை எழுதுகிறவன். எழுதினால் அச்சில் வரும். அச்சில் வந்தால் இதில் இருக்கும். புதிதாக ஒன்று வந்திருந்தால் அவன் இருக்கிறான்.

அந்த மேசையில் இருந்தவர் ஒரு மலாய்த் தம்பி. நல்லவர். நான் ஒரு துண்டுக் கடதாசியில் பெயரை எழுதிக் கொடுத்தேன். இங்கே எல்லாப் படிவத்திலும் எழுதுகிற மாதிரியே எழுதினேன். இங்கே முதலில் ஆளின் பெயர், பிறகு மகன் அல்லது மகள் என்பதற்கான மலாய்ச் சொல், கடைசியில் அப்பா பெயர். சிவபாலன் அனாக் லெலாக்கி கனகசபை. இத்தனை வருஷத்தில் கை அப்படித்தான் எழுதும்.

கடைசியில் இருப்பதைத்தான் அந்தக் கணினி ஆளின் பெயராக எடுத்துக்கொள்ளும். அவர் கனகசபை என்று தட்டினார். பக்கத்தில் ஒற்றை எழுத்துப் போட்டார். காத்திருந்தோம்.

"தாக் அடா, காக்" என்றார். இல்லை அக்கா என்று அர்த்தம்.

நான் நன்றி சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு மேல்மாடிக்குப் போனேன். கழிப்பறைகளைக் கழுவினேன். திரும்பக் கேட்கவில்லை. இல்லை என்பதை இன்னொரு தரம் கேட்க வேண்டாம் என்று இருந்தது.

4

என் கையில் இருப்பது சிவப்பு அடையாள அட்டை. இங்கே இருக்கலாம், வேலை செய்யலாம். ஆனால் இந்த நாட்டுக்காரி இல்லை. கடப்பிதழ் இலங்கையுடையது. அது முடிந்து புதிது வாங்கினால், இங்கே தங்குகிற அனுமதி முத்திரையைப் பழையதிலிருந்து புதியதற்கு மாற்ற வேண்டும். அதற்கு ஒரு நாள் சம்பளம் போகும்.

அந்தத் தேடலுக்குப் பிறகு ஒரு முறை போனபோது குடிநுழைவு அலுவலகத்தில் ஒரு மலாய் அம்மா இருந்தா. அட்டையைப் பார்த்தா. கடப்பிதழைப் பார்த்தா. அட்டையில் முதலில் என் பெயர் பவளம், பிறகு கனகசபை. கடப்பிதழில் கனகசபை, பிறகு பவளம்.

"இது ஒரு ஆளா, ரெண்டு ஆளா?" என்று மலாயில் கேட்டா.

என் மலாய் பாசாரில் சாமான் வாங்கக் காணும். அலுவலகத்துக்குக் காணாது. இருந்தும் சொன்னேன். "சானா, பாப்பா டெபான். சினி, பாப்பா பெலாக்காங்." அங்கே அப்பா முன்னால். இங்கே அப்பா பின்னால்.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தா. "உங்கப்பா அப்படியே ஜாலான் ஜாலான் போவாரா?" உலாத்துவாரா என்று கேட்கிறா. பக்கத்து மேசைக்காரியும் சிரித்தாள். நானும் சிரித்தேன். முத்திரை குத்திக் கொடுத்தா.

பஸ்ஸுக்கு நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. தம்பி எங்கேயும் போகவில்லை. அங்கேயே இருந்தவன். அவன் கட்டுரையில் அப்பா முன்னால்தான் நிற்பார், ஒரே எழுத்தாக. க. சிவபாலன். நான் இந்த ஊர்ப் படிவத்து வழக்கத்தில் அவனை எழுதிக் கொடுத்து, இல்லை என்று வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

பஸ் வந்தது. ஏறாமல் விட்டுவிட்டேன். திரும்ப நூலகத்துக்கு நடந்தேன். அன்று நான் லீவு போட்டிருந்தேன்.

5

அன்று மேசையில் மலாய்த் தம்பி இல்லை. மாலினி இருந்தாள். பிறை ஊர்க்காரப் பிள்ளை. அப்பா லாரி ஓட்டுகிறவர். நெற்பூச்சி பற்றி மேல்படிப்புப் படித்துக்கொண்டு, மீதி நேரத்தில் அங்கே வேலை பார்த்தாள்.

"என்ன அக்கா, சீருடை இல்லாம வந்திருக்கீங்க? அடையாளமே தெரியல."

"ஒரு பேர் பாக்க வேணும் பிள்ளை."

"சொல்லுங்க."

"சிவபாலன். முன்னுக்குக் கானா."

"சிவபாலன் கமா கே. இதானே?"

"ஓம்."

"ஓம் ஓம்னு கோயில்ல மாதிரியே சொல்றீங்க" என்று சொல்லிக்கொண்டே தட்டினாள்.

திரையில் வரிகள் வந்தன. அவள் எண்ணவில்லை, நானும் எண்ணவில்லை. "எல்லாமே வெங்காயம் லா" என்றாள். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அச்சு இயந்திரம் கறகறவென்று துளை போட்ட தாளைத் தள்ளியது. தம்பியின் பெயர் வரிக்கு வரி நின்றது. மேலே இருந்த கட்டுரை கடிதம் நின்ற பிறகு வந்த வருஷத்தைப் போட்டிருந்தது.

"இருக்கிறான்" என்றேன்.

மாலினி யார் என்று கேட்டாள். சொன்னேன். அவள் முகம் மாறியது. பிறகு நான் உட்காரத் தன் கதிரையைத் தள்ளிப் போட்டாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. அச்சான வருஷத்தை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. எழுதி அனுப்பி, அவங்க படிச்சு, திருத்தி, அச்சுக்குப் போக ரெண்டு வருஷம்கூட ஆகும். என்னைக்கு வந்து சேர்ந்ததுன்னு முதல் பக்கத்துல சின்ன எழுத்துல போட்டிருப்பான். அதைப் பார்க்கணும். இந்தத் தட்டுல அது இருக்காது. முழுக் கட்டுரையை வரவழைக்கணும்."

வரவழைத்தாள். வேறொரு நூலகத்திலிருந்து நகல் வர வாரக்கணக்கில் ஆனது. தபால் அறைப் பக்கம் கூட்டும்போதெல்லாம் கேட்டேன். வந்தது. முதல் பக்கத்தின் அடியில் அவள் விரலை வைத்தாள். கடிதம் நிற்பதற்கு முந்தைய தேதி.

"இன்னொண்ணு பாருங்க. ரெண்டு பேர் எழுதியிருக்காங்க. நட்சத்திரம் மற்றவர் பேர்ல இருக்கு. நட்சத்திரம் யார் தலையில இருக்கோ அவங்களுக்குத்தான் நாம எழுதலாம்."

மற்றவர் கொழும்பில் ஒரு சிங்களப் பெயர். மாலினி ஆங்கிலத்தில் கடிதம் எழுதித் தந்தாள். அனுப்பினேன். ஆள் அங்கே இல்லை என்று முத்திரை குத்தி உறை திரும்பி வந்தது.

மாலினிதான் அழப் பார்த்தாள். நான் அவளுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தேன்.

6

மூன்று மாதத்துக்கு ஒரு முறை புதுத் தட்டு வரும். பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போடுவார்கள். வந்த அன்றே மாலினி கூப்பிடுவாள். நான் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுப் போய் நிற்பேன்.

ஒரு தடவை புதிதாக ஒரு க. சிவபாலன் வந்தார். நான் திரைக்குக் கிட்டப் போனேன். மாலினி கட்டுரைச் சுருக்கத்தைப் படித்தாள்.

"இவர் பல் டாக்டர் அக்கா."

"வெங்காயத்தை விட்டிட்டுப் பல்லுக்குப் போகமாட்டான்."

"அதான். பேர் ஒண்ணா இருந்தா ஆள் ஒண்ணுன்னு எடுத்துக்கக் கூடாது. எந்த ஊர், என்ன வேலை, யார்கூடச் சேர்ந்து எழுதுறார், எல்லாம் பார்க்கணும். எங்க சார் இதுக்கே என்னைத் திட்டித் திட்டிக் கத்துக் கொடுத்தார்."

பெயரை விட்டுவிட்டுப் பொருளைப் போட்டும் தேடினாள். வெங்காயம் என்று மட்டும் தட்டினால் உலகத்து வெங்காயம் எல்லாம் வரும். அதோடு இலங்கையைச் சேர்த்தால் குறையும். அதோடு அழுகலைச் சேர்த்தால் இன்னும் குறையும். கடைசியில் தம்பியின் பழைய கட்டுரைகளே மிஞ்சும். எப்படிச் சுற்றினாலும் அங்கேதான் வந்து நின்றோம்.

வீட்டில் இதைப் பற்றி அதிகம் பேச மாட்டேன். மகன் குமரன் பிறையில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். மலாய்ப் பள்ளியில் படித்தவன். தமிழ் பேசுவான், படிக்க மாட்டான். ஒருநாள் சாப்பிடும்போது சொன்னான்.

"அம்மா, அங்கிளுக்கு வேணும்னா அவரே எழுதுவார் லா. எதுக்கு இப்படித் தேடிக்கிட்டே இருக்கீங்க?"

அங்கிள் என்றான். மாமா என்று அவனுக்கு வாயில் வரவில்லை. வருவதற்கு அவன் மாமாவைக் கண்டது இல்லை. சுவரில் ஒரு படம் இருக்கிறது, அவ்வளவுதான். நான் அவனுக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன்.

என் புருஷன்தான் பேசினார். "அவ தேடட்டும்டா. உனக்கு என்ன சுசா?" சுசா என்றால் கஷ்டம்.

குமரன் சொன்னது பிழை இல்லை. எழுதக்கூடிய இடத்தில் இருந்தால் எழுதியிருப்பான். அல்லது எழுதியிருக்கிறான், அது பூட்டின கடையின் கதவுக்குக் கீழே கிடந்திருக்கிறது. அல்லது அவனுக்கு எழுத மனம் இல்லை. படகில் வரும்போது இந்த மூன்றையும் நினைப்பேன். கரை வந்ததும் இறங்கிவிடுவேன்.

7

ஒருநாள் மாலினி சொன்னாள். "அக்கா, இந்த மெஷினுக்கு எழுதினவங்க பேரும் தலைப்பும் சுருக்கமும்தான் தெரியும். வேற யாராவது எழுதின கட்டுரைக்கு உள்ள உங்க தம்பி பேரைச் சொல்லியிருந்தா அதுக்குத் தெரியாது. படிச்சாத்தான் தெரியும்."

அவள் சும்மா சொன்னாள். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

மேல்மாடியில் புது இதழ்களை அடுக்கி வைக்கிற தட்டு இருக்கிறது. பயிர், மண், விளைச்சல் பற்றியவை ஜன்னல் ஓரம். எந்தெந்த இதழில் வெங்காயம் வரும் என்று மாலினி காட்டித் தந்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே போய் நின்றபடி புரட்டுவேன். ஆங்கிலம் படிக்கத் தெரியாது. எழுத்துத் தெரியும். வெங்காயத்தின் ஆங்கிலச் சொல்லும் தம்பியின் பெயரும் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குத் தெரியும். அவை இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். பெரும்பாலும் பெயர்கள் அடைப்புக்குறிக்குள் இருக்கும், வருஷத்தோடு. அதனால் அடைப்புக்குறிகளை மட்டும் பார்த்துக்கொண்டு போகப் பழகினேன்.

முதலில் நூலகப் பொறுப்பாளருக்குப் பிடிக்கவில்லை. கூட்டுகிற ஆள் இதழைத் தொடுகிறாள் என்று. மாலினி போய் என்னவோ சொன்னாள். பிறகு அவர் என்னைக் கண்டால் தலையசைத்துவிட்டுப் போவார்.

பழைய கட்டுரைகளை எடுத்துச் சொல்கிற அடைப்புக்குறிகள் சில கிடைத்தன. அதில் அவன் பெயரும் பழைய வருஷமும். அது அவன் முன்பு இருந்தான் என்று சொல்லும். அது எனக்கே தெரியும். இருந்தும் அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்திருப்பேன்.

இப்படி வருஷங்கள் போயின. மாலினி படித்து முடித்து இங்கேயே விரிவுரையாளர் ஆனாள். துறையில் இடம் இல்லை என்று நூலகத்தின் கீழ்த்தளத்திலேயே ஓர் அறை கொடுத்தார்கள். அந்த அறையையும் நான்தான் கூட்டுகிறேன்.

8

கணினியைத் தூக்கிக்கொண்டு போனதற்கு முந்தின வெள்ளிக்கிழமை. மழை. மத்தியானம் ஜன்னல் ஓரம் நின்று புது இதழ் ஒன்றைப் புரட்டினேன். ஒரு பக்கத்தில் தம்பியின் பெயர் அடைப்புக்குறிக்குள் இருந்தது. ஆனால் பெயருக்கும் வருஷத்துக்கும் நடுவில் புதிதாக ஏதோ இருந்தது. இரண்டு சின்னச் சொற்கள், வெட்டி எழுதின மாதிரி, பக்கத்தில் புள்ளி. அதை நான் முன்பு கண்டதில்லை. வருஷமும் பழைய வருஷம் இல்லை.

இதழை மார்போடு பிடித்துக்கொண்டு கீழே போனேன். மாலினி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"இது என்ன பிள்ளை?"

கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் படித்தாள். அந்த வரியை மறுபடி படித்தாள். மெதுவாகத் தமிழில் சொன்னாள். வெங்காயத்தை இலையோடு பிடி பிடியாக, கயிறு இல்லாமல் பழைய பருத்திச் சேலைக் கீற்றால் கட்டி, சமையல் அடுப்புக்கு மேலே தொங்கவிட்டால் அழுகல் குறைகிறது. அதன் பிறகு அடைப்புக்குறி.

"அந்த ரெண்டு சொல்லு?"

"தனிப்பட்ட தகவல்னு அர்த்தம் அக்கா. எங்கேயும் அச்சுல வரல. எழுதினவங்ககிட்ட அவர் நேர்ல சொன்னது. இல்லேன்னா போன்ல, லெட்டர்ல. அவர் சொன்னார்னு இவங்க எழுதியிருக்காங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "எங்க சாரா இருந்தா இதை அடிச்சு விட்டுருவார். ஆதாரம்னு எடுத்துக்க முடியாதும்பார். யாரும் போய்ச் சரிபார்க்க முடியாதுல்ல."

"ஆளோட கதைச்சதோ?"

"கதைச்சதுதான்."

"எந்த வருஷம்?"

"போன வருஷம்."

நான் தரையில் உட்கார்ந்தேன். கதிரை பக்கத்தில்தான் இருந்தது.

மாலினி பழகின பழக்கத்தில் எச்சரிக்கையாகவே பேசினாள். "அக்கா, வேற சிவபாலனா இருந்தா..."

"சேலைத் துணி" என்றேன்.

அவள் புரியாமல் பார்த்தாள். சொன்னேன். அம்மா கட்டியதை, முன் அறையில் தொங்கியதை, வெறும் புகை என்று அவன் சொன்னதை. அவள் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டாள்.

காற்றோட்ட அறையும் தராசும் இருக்கிறவன் அடுப்பைப் பற்றிப் பேச மாட்டான். அவை இப்போது அவனிடம் இல்லை. ஒரு கூரை இருக்கிறது. ஓர் அடுப்பு இருக்கிறது. யாருடையதோ பழைய சேலை இருக்கிறது. எங்கே என்று கட்டுரையில் இல்லை. எழுதினவ இங்கிலாந்தில் ஒரு பெண். நிவாரண வேலைக்கு நம் நாட்டுக்குப் போய் வந்தவ என்று கடைசிப் பக்கத்தில் இருந்தது. நட்சத்திரம் அவ தலையில். பக்கத்தில் மின்னஞ்சல் முகவரி.

9

திங்கட்கிழமை ஆட்கள் அந்தக் கணினியைத் தூக்கிக்கொண்டிருக்கும்போது மாலினி தன் அறையில் புதுக் கணினி முன்னால் உட்கார்ந்தாள். நான் வாசலில் நின்றேன்.

"உள்ள வாங்க அக்கா. என்ன எழுதணும் சொல்லுங்க. நான் இங்கிலீஷ்ல போடறேன்."

"உங்களுக்கு வெங்காயம் பற்றிச் சொன்னவரைத் திரும்பக் கண்டால் இதைச் சொல்லவும். அக்கா இருக்கிறா. பினாங்கில்தான். வீடு மாறிவிட்டோம். புது முகவரி கீழே."

தட்டினாள். அடுத்ததுக்குக் காத்திருந்தாள்.

"அவ்வளவுதானா? இத்தனை வருஷம் அக்கா. உடம்பு எப்படி இருக்கு, கல்யாணம் ஆச்சா, ஏன் எழுதல, ஒண்ணுமே கேக்கலையா?"

"அவன் சொல்லட்டும்."

மாலினி பெருமூச்சு விட்டாள். முகவரியைப் போட்டாள். அடியில் என் பெயரைப் போட்டாள், என் வேலை அட்டையில் இருக்கிற மாதிரியே. பவளம் அனாக் பெரெம்புவான் கனகசபை.

"அதை மாத்து பிள்ளை. கானா முன்னுக்கு வரட்டும்."

மாற்றினாள். திரையில் பார்த்தேன். ஊரில் இருந்திருந்தால் கலியாணத்தோடு புருஷன் எழுத்துக்கு மாறியிருப்பேன். இந்த ஊர் அப்பாவைப் பின்னால் தள்ளினாலும் விட்டுவிடாமல் வைத்திருந்தது. அதை முன்னால் கொண்டுவந்தால் போதும். அவனுக்குத் தெரியும்.

அன்று இரவுச் சாப்பாட்டில் வீட்டில் சொன்னேன். என் புருஷன் கையைக் கழுவாமல் அப்படியே இருந்தார். குமரன் கேட்டான், "அடுப்புக்கு மேல தொங்கினா தலையில முட்டாதா, அம்மா?"

"முட்டும்" என்றேன்.

10

பதில் இன்னும் வரவில்லை. ஒரு வாரம்தான் ஆகிறது. காலையில் மாலினியின் அறையை முதலில் கூட்டுகிறேன். அவள் என்னைப் பார்த்து இல்லை என்று தலையாட்டுவாள். நான் அடுத்த அறைக்குப் போவேன்.

நேற்றுப் பாசாரில் சின்ன வெங்காயம் வாங்கினேன். தாளோடு இருக்கிறதா என்று கேட்டேன்.

"தாளை வச்சு என்னாக்கா செய்யப் போறீங்க?"

"கட்டித் தொங்கவிட."

"இங்க வெட்டித்தான் லா வருது. பிளாஸ்டிக் பையில போட்டுத் தொங்க விடுங்க" என்று சொல்லிக் கடைக்காரர் சிரித்தார்.

தாள் இல்லாமல் கட்ட முடியாது. அரைக் கிலோ வாங்கி வந்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். கேஸ் அடுப்பு. புகை இல்லை.

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று. நீங்கள் இப்போது எங்கே இருக்கிறீர்களோ, அந்தப் பக்கத்தில் எந்தக் குடிலிலாவது அடுப்புக்கு மேலே வெங்காயம் சேலைத் துணியில் தொங்கினால், வாசலில் நின்று கூப்பிட்டுப் பாருங்கள். ஐம்பதை நெருங்கின ஒரு ஆள் வருவான். க. பவளம் கேட்டதாகச் சொல்லுங்கள்.